முதலாளி தந்த தானமா இந்தப் பட்டம்?

"அப்ரண்டிஸ்" என்ற சொல் நமது மில் தொழிலாளிக்குப் புதிதல்ல. விவசாயத் தொழிலாளியின் குடிசைக்கும் அது புதிதல்ல. "மூன்று வருஷம் பயிற்சி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம்" என்று புரோக்கர் சொன்ன வார்த்தையை நம்பி, கூலிக்கு நாற்று நட்டவர்களின் பெண்கள் எத்தனை பேர் நூற்பாலை விடுதிகளுக்குப் போனார்கள்! அதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயர் வேறு. ஷிப்டு ஷிப்டாக நின்று அறுந்த இழையைப் பிணைத்த அந்தப் பெண்கள் நியாயமான கூலி கேட்டபோது கிடைத்த பதில் என்ன? "நீ தொழிலாளியல்ல, பயிற்சிக்கு வந்தவள்!"

ஆகவே, பயிற்சி என்ற பெயரில் முதலாளி கையை நீட்டினால், அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்ப்பது நமது வழக்கம். இப்போது இங்கிலாந்தில் நீட்டப்படும் ஒரு கையைப் பார்ப்போம்.

அங்கே 2015 முதல் "டிகிரி அப்ரண்டிஸ்" என்று ஒரு முறை நடந்து வருகிறது. பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதுப் பையனோ பெண்ணோ ஒரு பெரிய மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேருகிறார்கள். பெரும்பாலும் வாரத்தில் நாலு நாள் கம்பெனி வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகப் படிப்பு. சம்பளம் உண்டு. படிப்புக் கட்டணம் கிடையாது. மூன்று நாலு வருஷம் கழிந்தால் "டேட்டா சயின்ஸ்", அதாவது புள்ளிவிபர விஞ்ஞானத்தில் பட்டம்.

கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! "கூலியோடு கல்வி! கடனில்லாப் பட்டம்! முதலாளிகளின் தாராள மனது!" என்று கம்பெனி விளம்பரங்கள் பாடுகின்றன. படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் பெறுவதில் நமக்குச் சந்தோஷமே. நமது கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது யாருடைய தானம்?

என்ன வேலை?

முதலில் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்வோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மில்லில் எத்தனை கதிர் ஓடியது, எத்தனை இழை அறுந்தது, எவ்வளவு கழிவு விழுந்தது என்று மேஸ்திரி எழுதி வைக்கிறார் அல்லவா? அதே காரியம்தான். மருந்துக் கம்பெனியில் அது கோடிக்கணக்கான எண்களாக வந்து குவிகிறது. மாத்திரை அடிக்கும் இயந்திரத்தின் அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு. புது மருந்தைச் சாப்பிட்ட நோயாளிகளில் எத்தனை பேருக்குக் குணம், எத்தனை பேருக்கு மயக்கம், எத்தனை பேருக்கு மாரடைப்பு. எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து அனுப்பினால் விற்கும். இவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன.

வருகிற எண்கள் சுத்தமாக வருவதில்லை. ஒருவர் எடையைக் கிலோவில் எழுதியிருப்பார், இன்னொருவர் பவுண்டில் எழுதியிருப்பார். ஒரே நோயாளி இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் இருப்பார். பஞ்சிலிருந்து தூசியையும் கொட்டையையும் பிரிப்பதுபோல இந்தக் குப்பையைப் பிரித்தெடுக்க வேண்டும். புது அப்ரண்டிஸின் நேரத்தில் பெரும் பங்கு இதற்கே போகிறது. அதன் பிறகுதான் கணக்குப் போட்டு, "இந்த மருந்து வேலை செய்கிறதா, இல்லையா" என்று பார்ப்பது.

இது அவசியமான வேலை. மனிதனின் உயிரைக் காக்கும் வேலை. இதைச் செய்பவன் தொழிலாளி. விசைத்தறிக்குப் பதில் அவன் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பணம் யாருடையது?

படிப்புக் கட்டணத்தைக் கம்பெனி கட்டுகிறது என்கிறார்கள். எந்தப் பையிலிருந்து?

2017 ஏப்ரலில் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு வரி போட்டது. வருஷத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் பட்டுவாடா செய்யும் ஒவ்வொரு முதலாளியும், அதற்கு மேற்பட்ட சம்பளத் தொகையில் நூற்றுக்கு அரை வீதம் பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்துதான் அப்ரண்டிஸின் பல்கலைக்கழகக் கட்டணம் போகிறது. முதலாளி குறித்த காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் பணம் கஜானாவுக்குப் போய்விடும். ஆகவே இது இரக்கப்பட்டு அவிழ்த்த முடிச்சல்ல. சட்டம் பிடுங்கிய வரி. வரி கட்டுகிறவனைத் தர்மப்பிரபு என்று யாராவது சொல்லுவார்களா? அந்த வரியைக் கணக்கிடுவதும் எதை வைத்து? தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை வைத்து!

இந்த வரி வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2016-17இல் இங்கிலாந்தில் புதிதாகப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 95 ஆயிரம் பேர். அடுத்த வருஷமே அது சுமார் 3 லட்சத்து 76 ஆயிரமாகச் சரிந்தது. யாருடைய இடம் பறிபோயிற்று? கொத்துவேலை, சமையல், முதியோர் பராமரிப்பு போன்ற ஆரம்பப் படிப் பயிற்சிகள்தான் மிகவும் அடிபட்டன. சில வருஷங்களில் அவை பாதிக்கும் கீழே போய்விட்டன. மேல்படிகள் மட்டும் பெருத்தன. ஏற்கெனவே பெரிய சம்பளம் வாங்கும் மானேஜர்களின் மேல்படிப்புக்குக்கூட இந்தப் பெட்டியிலிருந்து பணம் போயிற்று! எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் முதுநிலைப் பயிற்சிக்குப் பொதுவாகப் பணம் இல்லை என்று 2026 ஜனவரியில் சர்க்கார் நிறுத்தியது.

கொத்தனாரின் மகனுக்காக வெட்டிய வாய்க்கால், கொழுத்தவன் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை காவிரிக் கரை விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கடனை உண்டாக்கியவர்கள் யார்?

"இருந்தாலும் கடனிலிருந்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது கம்பெனிதானே?" என்று கேட்பார்கள். கடன் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா?

1962இல் பிரிட்டனில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. அதன்படி பல்கலைக்கழகம் சென்ற மாணவனுக்கு ஸ்தல ஸ்தாபனமே கட்டணத்தைக் கட்டியது. குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சாப்பாட்டுச் செலவுக்கும் மானியம் கொடுத்தது. முதலாளியின் தயவு தேவைப்படவில்லை. 1998இல் வருஷத்துக்கு 1,000 பவுண்டு என்று கட்டணத்தைத் தொடங்கினார்கள். 2006இல் இங்கிலாந்தில் அது 3,000 ஆயிற்று. 2012இல் 9,000 ஆயிற்று. 2025இல் 9,535 ஆயிற்று. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்த மாணவனின் கடன் 40 வருஷம் கழித்துத்தான் தள்ளுபடியாகும். அதாவது 18 வயதில் வாங்கிய கடன் பேரப்பிள்ளை எடுக்கும் வயதுவரை கழுத்தில் தொங்கும்!

முதலில் கிணற்றை மூடினார்கள். பிறகு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, "பார், தாகம் தீர்க்கிறோம்" என்கிறார்கள். மூடிய கிணறு எல்லோருக்கும் பொது. குடத்துத் தண்ணீரோ, முதலாளி பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும். இதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம்!

கூலியையும் பார்ப்போம். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த விகிதப்படி, அங்கே 18 வயதுத் தொழிலாளிக்கு மணிக்கு 10 பவுண்டு குறைந்தபட்சக் கூலியாக இருந்தது. அதே 18 வயதுப் பையனை அப்ரண்டிஸ் என்று எழுதிக்கொண்டால் அப்போது 7 பவுண்டு 55 பென்ஸ் போதுமானதாக இருந்தது! வயது ஒன்று, வயிறு ஒன்று, பெயர் மட்டும் வேறு. பெரிய மருந்துக் கம்பெனிகள் இந்தக் குறைந்தபட்சத்தைவிடக் கூடுதலாகவே கொடுக்கின்றன. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் முதலாளி மனது வைத்தால் கூடும், மனது மாறினால் குறையும் என்பது உரிமையல்ல. உரிமை என்பது சட்டத்தில் இருக்க வேண்டும். அதைக் காக்கச் சங்கம் இருக்க வேண்டும்.

225 வருஷத்துக்கு முந்திய கதை

இங்கிலாந்து முதலாளிக்கு அப்ரண்டிஸ் மீது பிரியம் இன்று நேற்று வந்ததல்ல. 1799இல் லண்டன் செயின்ட் பாங்கிராஸ் அநாதை விடுதியிலிருந்து சுமார் 80 குழந்தைகளை வண்டிகளில் ஏற்றி நாட்டிங்காம் பக்கத்துப் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் ராபர்ட் பிளிங்கோ. வயது ஏழு. மில்லில் மாட்டிறைச்சி வறுவலும் இனிப்புப் பலகாரமும் தினம் கிடைக்கும், குதிரையில் சவாரி செய்யலாம் என்று ஆசை காட்டினார்கள். கிடைத்ததோ கஞ்சியும் அடியும். பிளிங்கோவின் ஒரு விரல் நுனி இயந்திரத்தில் போயிற்று. இந்தக் கதையை அவன் பிற்காலத்தில் சொல்ல, தொழிலாளர் தலைவர் ஜான் டோஹெர்ட்டி 1832இல் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் குழந்தைகளுக்கும் அன்று என்ன பெயர் தெரியுமா? அப்ரண்டிஸ்!

1802இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. பஞ்சாலை அப்ரண்டிஸை நாளுக்கு 12 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. முதல் நாலு வருஷம் வேலை நேரத்திலேயே எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்றது. கூலியோடு கல்வி அன்றே சட்டமாயிற்று! நடந்ததா? கண்காணிக்கச் சம்பளம் வாங்கும் இன்ஸ்பெக்டர் கிடையாது. முதலாளிகளுக்கு வேண்டியவர்களே மேற்பார்வையாளர்கள். சட்டம் காகிதத்தில் தூங்கிற்று.

இன்றைய டிகிரி அப்ரண்டிஸின் நிலையும் அந்தக் குழந்தைகளின் நிலையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. இடையில் தொழிலாளி வர்க்கம் நடத்திய போராட்டங்கள் இருக்கின்றன. அதனால்தான் இன்று அவனுக்கு வேலை ஒப்பந்தம் உண்டு, லீவு உண்டு, சங்கத்தில் சேரும் உரிமை உண்டு. பயிற்சிச் செலவை அவனிடமிருந்து பிடிக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் பாடம் ஒன்றுதான்: படிப்பு நேரத்தைக் கேட்டு வாங்க ஆளில்லாவிட்டால், வேலை அந்த நேரத்தைத் தின்றுவிடும். 2022இல் வாரத்துக்குக் குறைந்தது 6 மணி படிப்புக்கு என்று விதி செய்தார்கள். அவசர வேலை வந்தால் படிப்புக்கான நேரம் என்னவாகும்? "இன்று இதை முடித்துக் கொடு, படிப்பை ராத்திரி பார்த்துக்கொள்" என்று மேலதிகாரி சொன்னால், தனியாக நிற்கும் 18 வயதுப் பையன் மறுப்பானா? சங்கம் இருந்தால் மறுப்பான்.

புள்ளிவிபரம் யாருடையது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்தப் பையன் அலசும் எண்கள் எங்கே விளைந்தன?

நோயாளியின் உடம்பில் விளைந்தன. புது மருந்தைச் சோதிக்கச் சம்மதித்து ஊசிக்குக் கையை நீட்டியவன், பக்கவிளைவைப் பொறுத்துக்கொண்டவன், ரத்தம் கொடுத்தவன், ராத்திரி கண்விழித்துச் சூடு பார்த்து எழுதிய நர்ஸு, இவர்கள் அனைவரின் உழைப்பும் வேதனையும்தான் அந்த எண்கள். ஆனால் அவை கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறிய மறுகணம் கம்பெனியின் சொத்தாகி, பூட்டு விழுந்துவிடுகிறது.

பூட்டினால் என்ன ஆகும்? 2012 ஜூலையில் பிரிட்டனின் பெரிய மருந்துக் கம்பெனியான கிளாக்ஸோ ஸ்மித்கிளைன், அமெரிக்காவில் 300 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அது ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஒன்று என்ன? அவாண்டியா என்ற நீரிழிவு மருந்தின் பாதுகாப்பைப் பற்றிய சில புள்ளிவிபரங்களைச் சர்க்கார் அதிகாரிகளுக்குத் தெரிவிக்காததுதான்!

இன்னொன்று. டாமிஃப்ளூ என்ற காய்ச்சல் மருந்தை வாங்கிச் சேமிக்கப் பிரிட்டிஷ் சர்க்கார் சுமார் 42 கோடி பவுண்டு மக்கள் பணத்தைக் கொட்டியது. சோதனையின் முழு விபரத்தைக் காட்டு என்று சுயேச்சையான ஆராய்ச்சியாளர்கள் 2009இலிருந்து கேட்டார்கள். ரோஷ் கம்பெனி இழுத்தடித்தது. 2013இல்தான் முழு அறிக்கைகளும் கைக்கு வந்தன. 2014இல் முடிவு வெளியாயிற்று: மருந்து காய்ச்சலின் தொல்லையைச் சுமார் முக்கால் நாள் குறைக்கிறது, ஆஸ்பத்திரியில் சேருவதைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை! பணம் போன பிறகு கணக்கு வந்தது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் பிரிட்டனின் பொது ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. எந்தக் கம்பெனியின் லாபத்துக்காகவும் அல்ல. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விபரம் ஒரே இடத்தில் சேர்ந்தது. நூறே நாளுக்குள், ஜூன் 16ஆம் தேதி முடிவை உலகுக்கே அறிவித்தார்கள்: டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து, மூச்சு இயந்திரத்தில் கிடந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது! அந்த மருந்து நமது ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் இருந்தது. நம்மவர் உயிரையும் அது காத்தது.

அதே கம்ப்யூட்டர், அதே கணக்கு, அதே விஞ்ஞானம். பொதுச் சொத்தாக இருந்தபோது உயிரைக் காத்தது. பூட்டிவைத்தபோது உண்மையை மறைத்தது. விஞ்ஞானத்தின் மீது நமக்குக் கோபமில்லை. பூட்டின் மீதுதான் கோபம்.

அந்நாட்டு மக்களுக்கும் இது புரிகிறது. 2021இல் குடும்ப டாக்டர்களிடமுள்ள நோயாளிகளின் குறிப்புகளையெல்லாம் ஒரே களஞ்சியத்தில் சேர்க்கச் சர்க்கார் முனைந்தது. யார் கைக்கு அவை போகும் என்ற சந்தேகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் "எங்கள் குறிப்பைத் தரமாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். திட்டம் நின்றது. ஜனங்கள் ஒன்றாக மறுத்தால் பூட்டுக்காரனும் நின்று யோசிக்கத்தான் வேண்டும்!

அந்தப் பிள்ளைகள் நமது எதிரிகளா?

இல்லை. ஆயிரம் தடவை இல்லை!

"கம்ப்யூட்டர்க்காரன் நம்மைச் சேர்ந்தவனா? வெள்ளைக் காலர்க்காரன் நமக்குத் தோழனா?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். 2011 பிப்ரவரியில் பைசர் கம்பெனி, இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த தனது ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியேறப் போவதாக அறிவித்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் 2,400 பேர். பலர் பெரிய பட்டம் பெற்ற விஞ்ஞானிகள். உலகெங்கும் விற்று லாபம் குவித்த மருந்துகளை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பட்டம் அவர்களைக் காத்ததா? மில் கதவடைப்பில் நமக்குக் கிடைத்த அதே நோட்டீஸுதான் அவர்களுக்கும் கிடைத்தது. ஆட்குறைப்புக் கத்திக்கு வெள்ளைக் காலர், நீலக் காலர் என்ற பேதம் கிடையாது.

இது எங்கோ கடல் கடந்த விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. பன்னாட்டு மருந்துக் கம்பெனிகள் சென்னையிலும் கம்ப்யூட்டர் நிலையங்கள் வைத்திருக்கின்றன. மில் தொழிலாளி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளைகளும், குத்தகை விவசாயி நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த பிள்ளைகளும் அத்தகைய இடங்களுக்குத்தான் மனுப்போடுகிறார்கள். நமது நாட்டின் சட்டமோ இன்னும் மோசம். 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அப்ரண்டிஸ் "பயிலுபவரே, தொழிலாளியல்ல" என்கிறது; தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது. இங்கிலாந்து அப்ரண்டிஸுக்கு உள்ள வேலை ஒப்பந்தம்கூட நமது அப்ரண்டிஸுக்கு இல்லை. நூற்பாலைப் பெண்ணிடம் சொன்ன அதே வார்த்தை, நாளை கம்ப்யூட்டர் முன் உட்காரும் அவள் தங்கையிடமும் சொல்லப்படும்!

ஆகவே நாம் சொல்லுகிறோம்:

பயிற்சி வேண்டும், ஆனால் பயிற்சி என்ற பெயரில் அரைக்கூலி கூடாது. ஒரே வேலைக்கு ஒரே கூலி.

படிப்பு நேரம் வேலை நேரத்திலேயே கணக்காக வேண்டும். அதைத் தின்னும் அதிகாரம் எந்த மேலதிகாரிக்கும் கூடாது.

அப்ரண்டிஸ் தொழிலாளியே என்று சட்டம் சொல்ல வேண்டும். சங்கத்தின் கதவு அவனுக்கு முதல் நாளே திறந்திருக்க வேண்டும்.

கல்வி பொதுக் கிணறாக வேண்டும். முதலாளி சுமக்கும் குடமாக இருக்கக் கூடாது.

நோயாளிகளின் உடம்பில் விளைந்த புள்ளிவிபரம் மக்கள் சொத்து. ஒவ்வொரு மருந்துச் சோதனையின் முழு முடிவும், நல்லதும் கெட்டதும், வெளியே வர வேண்டும்.

இப்போது நமது முதல் கேள்விக்குத் திரும்புவோம். யாருடைய தானம் இது? பணம் சட்டம் பிடித்த வரி. ஆசிரியர்கள் பல்கலைக்கழகத்தார். எண்கள் நோயாளிகளுடையவை. உழைப்பு அந்தப் பிள்ளையுடையது. கம்பெனி போட்டது ஒரு மேஜையும் நாற்காலியும், ஒரு கம்ப்யூட்டரும், அதற்குப் பூட்டும்! இதில் தானம் எங்கே இருக்கிறது?

உழைத்துப் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே! மான்செஸ்டரானாலும் சென்னையானாலும், பட்டத்தை வாங்கும்போது தலைகுனிந்து நன்றி சொல்லாதீர்கள். அது உங்கள் உழைப்பின் கூலி. தலைநிமிர்ந்து வாங்குங்கள். வாங்கிய மறுநாள், அதற்கும் முந்திய நாளே என்றாலும் சரி, உங்கள் பக்கத்து மேஜைக்காரனோடு சேர்ந்து சங்கத்தில் பெயரைப் பதியுங்கள்.

கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள். யார் கொடுத்தது எவ்வளவு, யார் எடுத்தது எவ்வளவு என்ற கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்!